மறுமுறை படித்தபின் பரிந்துரைப்போம்

ஆனித் திங்கள் பிறந்து, குற்றால மலைமுகட்டில் முகில் தங்கி, தென்காசித் தெருக்களில் சாரல் தூறத் தொடங்கும் நாள்களில் கல்லூரிகளும் புதிய கல்வியாண்டைத் தொடங்குகின்றன. புதிதாய்ச் சேர்ந்த மாணவ மாணவியர் தமிழ்த்துறையின் வாயிலில் வந்து நின்று, "ஐயா, படிப்பதற்கு நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பது ஆண்டுதோறும் நிகழ்வது. கேட்ட மாத்திரத்தில் நாமும் நான்கைந்து புதினங்களின் பெயர்களை மளமளவென்று சொல்லிவிடுகிறோம். சொல்லும்போது நம் முகத்தில் ஒரு பெருமிதமும் தோன்றுகிறது. அப்பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் மாணவராய் இருந்த காலத்தில், இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்து மகிழ்ந்த நினைவிலிருந்தே அவை வருகின்றன. நூல் நம் கையில் இல்லை. நினைவு மட்டுமே இருக்கிறது. அந்நினைவு ஒன்றையே நம்பி இளையோருக்கு ஒரு நூலைப் பரிந்துரைப்பது தக்கதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவை நாமாக எழுப்பவில்லை. ஒரு மாணவி எழுப்பினார். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் ஆண்டில் பயின்ற அவர் நல்லதொரு புதினம் வேண்டுமென்று கேட்டபோது, கி. ராஜநாராயணன் எழுதிய 'கோபல்ல கிராம'த்தைச் சொன்னோம். கரிசல் மண்ணின் வாழ்வை அறிய அதனினும் சிறந்த வாயில் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னோம். இரு வாரம் கழித்து நூலோடு வந்தார். காட்டைத் திருத்திக் கழனியாக்கிய மக்களின் உழைப்பைப் புகழ்ந்தார். மங்கத்தாயாரு அம்மாள் என்னும் மூதாட்டியைத் தம் பாட்டியாகவே எண்ணத் தோன்றிற்று என்றார். பின்னர்ச் சற்றே தயங்கி நின்று, "ஐயா, அந்த மக்கள் ஊரைவிட்டு ஓடிவரக் காரணமான அரசன் ஒரு முஸ்லிம் என்று கதையில் வருகிறதே; நீங்கள் படித்தபோது அது உங்களுக்கு உறுத்தவில்லையா?" என்று கேட்டார்.

நாம் வாயடைத்து நின்றோம். உறுத்திற்று என்றோ, உறுத்தவில்லை என்றோ சொல்ல நம்மால் இயலவில்லை. அப்பகுதியே நம் நினைவில் இல்லை என்பதுதான் உண்மை. "மீண்டும் படித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். தேர்வு வந்தது, விடைத்தாள் திருத்தும் பணி வந்தது, மறு ஆண்டும் சாரல் வந்து போயிற்று. அம்மாணவி பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். நாம் சொல்வதாகச் சொன்ன விடை சொல்லப்படாமலே நின்றுவிட்டது.

அவர் சென்றபின் வெட்கமுற்று அந்நூலை எடுத்தோம். அதைத் தொடர்ந்து, ஒருகாலத்தில் நாம் விரும்பிப் படித்த வேறு சில புதினங்களையும் மீண்டும் எடுத்தோம். அதனால் நாம் கற்றதைச் சொல்வதே இங்கு நம் நோக்கம்.

மீண்டும் ஓதுதல் நமக்குப் புதிதன்று

"படித்த கதையையே மறுபடி படிப்பானேன்? அது வீண்பொழுது அன்றோ?" என்று நம் பெரியோர் சிலர் கேட்பதுண்டு. கதை முடிவு தெரிந்தபின் அதில் என்ன சுவை என்பது அவர்கள் கருத்து. ஆயினும் ஒருமுறை ஓதியதோடு நிறுத்திக்கொள்ளாமல் மீண்டும் மீண்டும் ஓதுவதன் பயனை நம் சமுதாயத்தைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் யாவர்? ரமலான் மாதந்தோறும் திருமறையை முதலிலிருந்து இறுதிவரை ஓதி முடிக்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ உள்ளன. தென்காசியில் பிறந்து தக்கலையில் வாழ்ந்தவராகப் போற்றப்படும் ஞானி பீர் முகம்மது அப்பா அவர்களின் 'ஞானப்புகழ்ச்சி' ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலையில் மக்கள் கூடி இரவு முழுதும் பாடப்படுகிறது. அங்குக் கூடுவோரில் பலர் அப்பாடல்களைச் சென்ற ஆண்டும் பாடியவர்களே. வரும் ஆண்டும் பாட இருப்பவர்களே. சொல் பழையது, பாடும் மனிதருக்கு ஓராண்டு வயது கூடியிருக்கிறது. அதனால் அச்சொல் புதிதாய் விளங்குகிறது.

திருவள்ளுவரும் பண்புடையாளர் தொடர்பை விளக்க வந்தபோது, படிக்கப் படிக்க நயம் தரும் நூலையே உவமையாகக் கொண்டார். நண்பரை ஒருமுறை கண்டு விட்டுவிடுவதில்லை. நூலையும் அங்ஙனமே என்பது அவர் உட்கிடை.

நம் மண்ணிலேயே இதற்கொரு வாழ்ந்த சான்றும் உண்டு. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் இல்லத்து வட்டத்தொட்டியில் அன்பர்களைக் கூட்டிக் கவிதையை நுகர்ந்தார். பின்னர்க் குற்றாலத்தில் வாழ்ந்து அங்கும் அதையே செய்தார். அவர் கம்பனைப் புதிது புதிதாகத் தேடி அலையவில்லை. அறிந்த பாடலையே மீண்டும் மீண்டும் சொல்லிச் சொல்லிச் சுவைத்தார். அத்தகைய மறுவாசிப்பு அவருக்கு மதிப்பை மட்டும் தரவில்லை. மறுக்கும் துணிவையும் தந்தது. கம்பனுடையவை என்று வழங்கிய பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் விலக்கினார். அம்முடிவை ஏற்காத அறிஞர் பலர். ஏற்பதும் மறுப்பதும் வேறு. ஒரு நூலோடு நெடுநாள் பழகியவருக்கே அதனோடு வழக்காடும் உரிமை வாய்க்கிறது என்பதே நாம் அவரிடம் கற்கவேண்டியது.

குதிரைவீரனும் கிழவரும்

இரசிகமணியைக் காணக் குற்றாலத்திற்கு வந்து தங்கிய நண்பர்களுள் கல்கியும் ஒருவர். இருவரும் மறைந்தது 1954ஆம் ஆண்டிலேயே: முன்னவர் பிப்ரவரியில், பின்னவர் டிசம்பரில். கல்கி 1950 அக்டோபரில் தம் இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் வெளிவந்தது. இதழிலிருந்து தாள்களைக் கிழித்தெடுத்து, படங்களோடு சேர்த்துத் தைத்து, அட்டை கட்டிய தொகுதிகளை நம் தலைமுறையினர் பலர் தம் வீட்டு அலமாரிகளில் கண்டிருப்பர். அவற்றைத் தைத்து வைத்தவர் பெரும்பாலும் நம் அன்னையரும் அத்தையரும் ஆவர். பள்ளிப்படிப்பைப் பாதியில் நிறுத்திய அப்பெண்மணிகளுக்கு அத்தொகுதிகளே கல்லூரியாக இருந்தன என்றாலும் மிகையன்று.

நாம் முதன்முறை அந்நூலைப் படித்தபோது வயது பதினேழு. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு நாமும் ஏறிக்கொண்டோம்; ஐந்தாம் பாகம் முடியும்வரை இறங்கவில்லை. பெரிய பழுவேட்டரையரைக் கண்டு நகைத்தோம். முதுமையில் இளம்பெண்ணை மணந்த கிழவர் என்பதற்குமேல் அவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுந்தர சோழர் வரும் பக்கங்களை விரைவாய்ப் புரட்டினோம். நோயுற்றுப் படுத்திருக்கும் அரசரிடம் ஓர் இளைஞனுக்கு என்ன வேலை?

இம்முறை படித்தபோது குதிரை நம்மை விட்டுவிட்டு ஓடிற்று. நாம் கட்டிலருகே நின்றுவிட்டோம். கால்கள் செயலற்ற நிலையில், தம் மக்கள் எங்கே, நாடு என்னாகும், தாம் செய்த பிழை எது என்று உறக்கமின்றித் தவிக்கும் ஒரு தந்தையை அப்போதுதான் கண்டோம். அறுபத்துநான்கு விழுப்புண்களைப் பெற்ற பழுவேட்டரையர் தாம் ஏமாற்றப்பட்டதை உணரும் இடத்தில் நகைக்க நம்மால் இயலவில்லை. தன் கைக்கு வந்த மணிமுடியை அருண்மொழி வேறொருவர் தலையில் சூட்டும் முடிவு, இளமையில் நமக்கு ஏமாற்றமாகத் தோன்றிற்று. பதவிக்காக மனிதர் படும் பாட்டைப் பல அவைகளில் கண்டபின், அம்முடிவே நூலின் உயிர் என்று தெளிகிறோம்.

இக்கதை திரைப்படமாகி 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தபின் மாணவரிடையே இந்நூலைத் தேடுவோர் பெருகினர். மகிழத்தக்கதே. நாட்டுடைமை ஆக்கப்பட்டமையால் மலிவுப் பதிப்புகளும் கிடைக்கின்றன. இதனை இளையோருக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். அவர்தம் தாத்தாமாருக்கும் பரிந்துரைக்கிறோம். இருவரும் படிக்கப்போவது ஒரே நூல் அன்று.

மூதாட்டி சொன்ன கதை

இனி, கடனாய் நின்ற விடைக்கு வருவோம். 'கோபல்ல கிராமம்' 1976இல் வெளிவந்தது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி. ரா., தெலுங்கு பேசும் குடியினர் வடக்கேயிருந்து பெயர்ந்து வந்து கரிசல் காட்டில் ஊர் சமைத்த வரலாற்றை அதில் புதினமாக்கினார். அதன் தொடர்ச்சியாகிய 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. அம்மக்கள் ஏன் பெயர்ந்தனர் என்பதை நூற்று முப்பது வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள் சொல்கிறார். பேரழகியாகிய சென்னாதேவியை ஒரு முஸ்லிம் அரசன் மணக்க விரும்பினான்; அதற்கு அஞ்சியே குடும்பத்தார் இரவோடு இரவாக வெளியேறினர் என்பது அவர் சொல்லும் காரணம்.

மாணவி கேட்டது மெய்யே. படிக்கும் முஸ்லிம் பிள்ளையின் நெஞ்சில் அது தைக்கத்தான் செய்யும். நம் நெஞ்சில் தைக்காமல் போனமைக்குக் காரணம் நம் பெருந்தன்மை அன்று, கவனக்குறைவே. இளமையில் நாம் கதையின் ஓட்டத்தை விரும்பினோம். மொழியின் அழகில் மயங்கினோம். நிகழ்ச்சிகளை மட்டும் தொடர்ந்தோம். அவ்வரசன் அக்காலத்தில் நமக்குக் கதையின் சக்கரத்தை உருட்டும் கோல், அவ்வளவே.

மறுமுறை படித்தபோது உறுத்திற்று. உறுத்தியபின்னரே நன்றாகப் படித்தோம். அப்போது மூன்று செய்திகள் தெளிவாயின.

முதலாவது, அக்கதையைச் சொல்பவர் வரலாற்றாசிரியர் அல்லர், ஒரு மூதாட்டி. தம் முன்னோரிடம் கேட்டதைத் தம் பேரர்களுக்குச் சொல்கிறார். ஒரு மரம் வளைந்து கொடுத்து ஆற்றைக் கடக்கச் செய்தது என்றும் அவரே சொல்கிறார். மரம் வளைந்ததை நாம் எந்த மனநிலையில் கேட்கிறோமோ, அரசனின் கதையையும் அந்த மனநிலையிலேயே கேட்கவேண்டும். அது ஒரு குடியின் நினைவு. நினைவு பொய் என்பதன்று, ஆனால் அது சான்றிதழும் அன்று.

இரண்டாவது, பெண் கேட்ட அரசனுக்கு அஞ்சி ஊரைத் துறந்த கதை பல குடிகளிடம் வழங்குகிறது. நகரத்தார் பூம்புகாரைவிட்டுப் பாண்டிநாட்டிற்குப் பெயர்ந்ததாகச் சொல்லும் மரபுக்கதையில் கொடுமை செய்தவன் சோழ மன்னன் ஒருவனே. விசயநகர ஆட்சியும் நாயக்கர் ஆட்சியும் தெற்கே விரிந்தபோது தெலுங்கு பேசுவோர் பெருந்தொகையாய் வந்து குடியேறினர் என்பது வரலாறு. ஆயினும் ஒரு குடி தன் பிறந்த மண்ணைப் பிரிந்ததற்கு, நிலமும் படைத்தொழிலும் தேடி வந்தோம் என்று சொல்வதைவிட, மானம் காக்க வந்தோம் என்று சொல்லவே விரும்பும். இது மனித இயல்பு. நம் குடிகளின் கதைகளிலும் இவ்வியல்பைக் காணலாம்.

மூன்றாவது, இந்நூலில் அஞ்சி ஓடிவருவோரின் துயரம் எக்குடியினர்க்கும் பொதுவானது. இரவில் வீட்டை விட்டு, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தவாறே நடக்கும் மனிதரை இன்றும் உலகின் பல எல்லைகளில் காண்கிறோம். அவருள் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆதலால் அம்மாணவிக்கு நாம் சொல்லவேண்டிய விடை இதுவே: "உறுத்துகிறது மகளே. நீ கேட்டது சரி. ஆயினும் நூலை மூடிவிடாதே. சொல்பவர் யார், எவரிடம் கேட்டுச் சொல்கிறார் என்று பார்த்துப் படி. நூலை உன் கையில் தரும்போதே இதை நாம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாதது எம் குற்றம்." இன்றும் 'கோபல்ல கிராம'த்தைப் பரிந்துரைக்கிறோம். ஆனால் முன்போல் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை.

நாம் வெறுத்த முதலாளி

பிறர் நம்மைப் பற்றி எழுதியது உறுத்துவதுபோல, நம்மவர் நம்மைப் பற்றி எழுதியதும் உறுத்துவதுண்டு. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தபோது, நம் குறைகளை ஊரறியச் சொல்லலாமா என்று முகம் சுளித்தோர் உண்டு. தேங்காய்ப்பட்டினத்தில் 1944இல் பிறந்து, நெல்லையில் வணிகம் செய்துகொண்டே எழுதிய மீரான், 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றார்; 2019இல் மறைந்தார். அன்று முகம் சுளித்தோரில் பலர் இன்று அவரை நம் பெருமை என்று மேடையில் குறிப்பிடுகின்றனர். ஆயினும் நூலை மறுமுறை படித்து மனம் மாறியவர் எத்தனை பேர், பரிசுச் செய்தியைப் படித்து மாறியவர் எத்தனை பேர் என்பது ஆய்வுக்குரியது.

அந்நூலில் வடக்கு வீட்டு அகமதுக் கண்ணு முதலாளி என்பவர் ஊரையே தம் பிடியில் வைத்திருக்கிறார். ஊருக்குள் ஆங்கிலப் பள்ளி வருவதை எதிர்க்கிறார். பள்ளி நடத்த வந்த ஆசிரியர் அல்லற்படுகிறார். இளமையில் படித்தபோது நாம் ஐயத்திற்கு இடமின்றி ஆசிரியரின் பக்கம் நின்றோம். முதலாளியை வெறுத்தோம். அவர் வீழ்ச்சியுறுவதைக் கண்டு மகிழ்ந்தோம். நூலை மூடியபோது நாம் சீர்திருத்தக்காரராகிவிட்டோம் என்று ஒரு நிறைவு.

இப்போது நாம் ஆசிரியர். நமக்குக் கீழே இளையோர் இருக்கின்றனர். மறுமுறை படித்தபோது, முதலாளியின் பேச்சில் சில சொற்கள் எங்கோ கேட்டவையாகத் தோன்றின. "இதெல்லாம் நமக்கு எதற்கு?", "இதுநாள்வரை இப்படித்தானே நடந்தது?" என்ற தொனி நம் துறைக் கூட்டங்களில் நம் வாயிலிருந்தே எழுந்ததை நினைத்துக்கொண்டோம். மாணவியர் வெளியூர்க் கருத்தரங்கிற்குச் செல்ல இசைவு கேட்டபோது முதலில் 'வேண்டாம்' என்றவர் யார்? நாமே. பள்ளியை எதிர்த்த முதலாளி கொடியவர் என்பதைவிட, அஞ்சியவர் என்பது இப்போது விளங்குகிறது. தம் காலம் முடிகிறது என்னும் அச்சம் அவரைக் கொடியவராக்கிற்று. அவ்வச்சத்திற்கு அவர் மகள் ஆயிஷா கொடுத்த விலை, நூலை மூடிய பின்னரும் மனத்தைவிட்டு அகலவில்லை.

இந்நூலைப் பெரியோருக்கே முதலில் பரிந்துரைக்கிறோம். நம்மை இழிவுபடுத்தும் நூல் என்று எண்ணி ஒதுக்கியவர்கள் அருள்கூர்ந்து மறுமுறை படிக்கட்டும். குறையைச் சொன்னவர் நம்மை வெறுத்துச் சொன்னாரா, நம்மீதுள்ள உரிமையால் சொன்னாரா என்பது இரண்டாம் வாசிப்பில் தெரியும். இதனோடு சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யையும் சேர்த்துப் படிக்கலாம். 2004இல் வெளிவந்த அந்நூல், நம் வீடுகளின் உள்ளறைகளில் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்வதை எழுத்தில் கொணர்ந்தது. பருவம் எய்தியபின் பள்ளியை விட்டு நின்று, ஊர் நூலகத்தின் நூல்களால் தம்மை வளர்த்துக்கொண்டவர் அவர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

சுருங்கிய நூல்களும் உண்டு

மறுவாசிப்பில் எல்லா நூல்களும் வளர்வதில்லை. இதையும் மறையாமல் சொல்லவேண்டும். டாக்டர் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற நூல். நம் தலைமுறை மாணவர் அதைப் பென்சிலும் கையுமாகப் படித்தனர். அறிவுரைகளின் கீழெல்லாம் கோடிட்டோம், நாட்குறிப்பில் எழுதிக்கொண்டோம். அப்பழைய படியையே இப்போது எடுத்தோம். கோடிட்ட வரிகள் பல நம்மை முன்போல் அசைக்கவில்லை. அவற்றைச் சற்றுக் குறைத்திருக்கலாமே என்றும் தோன்றிற்று. ஆனால் நாம் கோடிடாத இடங்களில் சந்திரன் இருந்தான். அழகும் அறிவும் வாய்த்த ஓர் இளைஞன் படிப்படியாகச் சரிவதை, உடன்பிறவா நண்பன் வேலய்யன் தடுக்க வழியின்றிப் பார்த்து நிற்கிறான். அவ்வாறு சரிந்த மாணவர் சிலரை நாமும் வகுப்பறையில் கண்டிருக்கிறோம். ஆகவே நூல் ஒரு பக்கம் சுருங்கி, மறு பக்கம் விரிந்தது. இன்று அதனைப் பரிந்துரைத்தால் அறிவுரைக்காக அன்று, அந்த நட்பிற்காகவே பரிந்துரைப்போம்.

மாணவப் பருவத்தில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்து, படிக்காமலே விட்ட நூல்களும் உண்டு. இலங்கைக் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெவ்வை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' அத்தகையது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879இல். அதற்கு ஆறே ஆண்டுகள் கழித்து ஒரு முஸ்லிம் எழுத்தாளர் எகிப்துவரை சென்று தம் கதைக்குக் களம் அமைத்தார் என்று இலக்கிய வரலாற்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லிக்கொடுப்போரில் அதனை முழுதும் படித்தவர் எத்தனை பேர் என்பதை அவரவர் மனச்சான்றே அறியும்.

இரண்டு தேதிகள்

இவற்றால் நாம் அறிவது யாது? முதல் வாசிப்பில் நூலைக் காட்டிலும் நம் வயதே நமக்குத் தெரிகிறது. மறுவாசிப்பிலேயே நூல் தெரிகிறது. முதல் வாசிப்பின் அன்பும் ஓரளவு குருடு; அதன் கோபமும் ஓரளவு குருடு. அவற்றை அப்படியே இளையோர் கையில் கொடுப்பது, நாம் சுவைத்துப் பல ஆண்டுகள் ஆன பண்டத்தை இன்னும் கெடவில்லை என்று உறுதிசொல்லிக் கொடுப்பது போன்றது.

எனவே ஒரு சிறு திட்டத்தைத் துறைப் பேராசிரியர்கள் முன்னும் மாணவர் முன்னும் வைக்கிறோம். துறையின் அறிவிப்புப் பலகையில் ஆண்டுக்கு ஒருமுறை புதினப் பரிந்துரைப் பட்டியல் ஒன்று இடம்பெறட்டும். ஒவ்வொரு நூலின் எதிரிலும் பரிந்துரைப்பவர் இரண்டு தேதிகளை எழுதவேண்டும்: முதன்முறை படித்த ஆண்டு, மறுமுறை படித்த ஆண்டு. அவற்றின் கீழே, இடைப்பட்ட காலத்தில் தம் கருத்தில் மாறியது எது என்று நான்கு வரிகள். இரண்டாம் தேதி இல்லாத நூல் பட்டியலில் சேரலாகாது. 'உறுத்தக்கூடிய இடம் இது' என்று சொல்லவேண்டியிருந்தால் அதையும் அங்கேயே எழுதிவிடலாம். மாணவர் அதைப் படித்துவிட்டுத் தாமே முடிவு செய்துகொள்வர்.

ஆசிரியருக்கு நேரம் ஏது என்பர். ஆண்டுக்கு ஒரு நூல் போதும். பத்து ஆசிரியர் கூடினால் பத்து நூல். சாரற்காலத்தில் அருவிக்கரைக்கு வரும் விருந்தினரை வரவேற்று அனுப்பும் நாள்களிலேயே ஒரு புதினத்தை மீண்டும் படித்து முடித்துவிடலாம்.

கைப்பேசியிலேயே கதைச்சுருக்கம் கிடைக்கும்போது நூல் எதற்கு என்னும் மாணவருக்கு ஒரு சொல். சுருக்கத்தைப் படித்தவர் நூலை மறுமுறை படிக்க இயலாது. ஏனெனில் முதல்முறையே அவர் படிக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்க, இப்போது ஓரிடத்திற்குச் சென்றிருக்கவேண்டும் அன்றோ? இன்று படிக்கும் நூலின் முதற்பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். உங்களுக்கே ஒருநாள் அது தேவைப்படும்.

புதினம் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவர் என்று அஞ்சும் பெரியோருக்கும் ஒரு சொல். நீங்கள் இளமையில் ஒளித்துவைத்துப் படித்த ஒரு நூல் இருக்கும். அதனை எடுத்து, ஒளிக்காமல், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மீண்டும் படியுங்கள். படித்தபின் பேரப்பிள்ளையிடம் கொடுக்கலாமா, கூடாதா என்று சொல்லுங்கள். அப்போது உங்கள் சொல்லை நாங்கள் ஏற்போம்.

பட்டம் பெற்றுச் சென்ற அம்மாணவி இப்போது எவ்வூரில் இருக்கிறார் என்று அறியோம். இம்மலர் அவர் கைக்குச் சென்றால், 'கோபல்ல கிராம'த்தை அவரும் இன்னொருமுறை எடுத்துப் பார்ப்பார் என நம்புகிறோம். நாம் அளித்த விடை போதாது என்று அவருக்குத் தோன்றினால் துறைக்கு எழுதட்டும். இம்முறை தாழ்த்தாமல் மறுமொழி எழுதுவோம்.